ஸ்டார் விடுதியை இடித்தவள்

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. சாலைத்துறை ஷெட்டில் மில்கா ராடுலோவிச் லாரிச் சக்கரத்துக்குப் பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்தால் தீயணைப்புத் தலைவர் எனிஸ் ட்ரெகியர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"மில்கா, உன் பெரிய பொக்லைன் ஸ்டார்ட் ஆகுமா?"

"இந்தக் குளிர்லயா? அதுக்கு நான் மொதல்ல கால்ல விழணும். எதுக்குக் கேக்கற?"

"கிரானைட் தெரு பத்திக்கிச்சு. மேல்முனையில பால்மர் கடை. ஒறஞ்ச குழாய இளக்கறேன்னு எவனோ அடித்தளத்துல நெருப்பக் காட்டியிருக்கான்."

"காத்து எந்தப் பக்கம்?"

"மேலேர்ந்து கீழ."

மில்கா சங்கிலியைக் கீழே போட்டாள். டெலனி ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கிரானைட் தெரு என்பது மலைச்சரிவில் தோளோடு தோள் உரசி இறங்கும் பதினோரு செங்கல் கட்டடங்கள். செம்பு கொழித்த காலத்தில் பத்தே வருடத்தில் எழும்பியவை. முன்பக்கம்தான் செங்கல், உள்ளே எல்லாம் மரம். கூரைக்கு அடியில் பரண் ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நெடுக ஓடுகிறது. கட்டியவர்கள் நடுவில் தடுப்புச் சுவர் வைக்கவில்லை. அந்தப் பரணுக்குள் நெருப்பு நுழைந்துவிட்டால் ஓடுவதற்கு அதற்கே ஒரு தெரு கிடைத்த மாதிரி.

"தண்ணி?" என்றாள்.

"மூணு தெருக்குழாயும் கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்கு. நாலாவது ஒழுகுது, அவ்வளவுதான். பக்கத்து ஊர்லேர்ந்து டேங்கர் கெளம்பிடுச்சு. முக்கா மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள வரிசை முழுசும் போயிடும்."

"அதான் உன்னக் கூப்பிட்டேன். நடுவுல ஒண்ண எடுத்துடணும். இடைவெளி விட்டாத்தான் கீழ இருக்கற ஆறு கட்டடமும் தப்பிக்கும்."

"எத எடுக்கணும்?"

 பின்னணியில் யாரோ கத்துவதும் கண்ணாடி உடைவதும் கேட்டது.

"அஞ்சாவத," என்றான்.

ஐந்தாவது கட்டடம் ஸ்டார் விடுதி. அதன் இரண்டாம் மாடியில்தான் மில்கா இருபத்து மூன்று வருடமாகக் குடியிருந்தாள்.

"வேற வழி?"

"இருந்தா உங்கிட்ட கேப்பனா? மத்ததெல்லாம் அகலம், இந்த நேரத்துல இடிக்க முடியாது. அது ஒண்ணுதான் குறுகல். மில்கா, வர்றியா இல்லியா?"

"வர்றேன். ஆளுங்களக் கீழ எறக்கு," என்று சொல்லி வைத்தாள்.

பொக்லைன் உடனே கிளம்பவில்லை. குளிரில் டீசல் கூழாகியிருந்தது. ராத்திரி முழுவதும் எஞ்சினுக்கு மின்சாரச் சூடு கொடுத்து வைத்திருந்தும் முதல் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஆனாலும் எண்ணெய் இளகாமல் வண்டியின் இரும்புக் கையைத் தூக்கினால் குழாய்கள் வெடித்துவிடும். பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மில்கா இருக்கையில் உட்கார்ந்தபடி சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. திறந்திருந்த ஷெட் வாசல் வழியே மலைச்சரிவின் மேல் கறுப்புப் புகை எழும்பிக் கிழக்கே சாய்வது தெரிந்தது.

அந்தக் கட்டடத்துக்கும் அவளுக்கும் இருந்த உறவு ஊரறிந்தது. அவளுடைய தாத்தா ஐரோப்பாவின் மான்டினீக்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குச் சுரங்க வேலைக்கு வந்து முதலில் தங்கிய இடம் ஸ்டார் விடுதி. ஒரே கட்டிலில் மூன்று ஷிப்டுக்காரர்கள் மாறி மாறிப் படுப்பார்களாம், மெத்தைக்கு ஆறவே நேரம் இருக்காதாம். அப்பாவும் சுரங்கத்துக்குத்தான் போனார். கல்தூசி நெஞ்சில் இறங்கி ஐம்பத்தோரு வயதில் செத்தார். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். ஊரில் பாதிப்பேர் வெளியேறினார்கள். காலியான கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கினார்கள். எண்பத்து மூன்றாம் வருடம் ஸ்டார் விடுதியின் முறை வந்தது. அப்போது மில்காவுக்கு இருபத்தாறு வயது. இடிக்கும் எந்திரம் வந்து நின்ற அன்று அவளும், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த அல்மா கெஸ்லரும் வாசல்படியில் போய் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எந்திரம்தான் திரும்பிப் போனது. அதற்கடுத்த வருடம் அரசாங்கம் தெருவையே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. இருவரும் சேர்ந்து பாதுகாப்புக் குழுவை ஆரம்பித்தார்கள். அல்மா தலைவி. மில்கா கூட்டத்தில் அதிகம் பேசமாட்டாள். ஒழுகும் கூரை, அடைத்த சாக்கடை என்று வந்தால் மட்டும் ஏணியோடு வந்து நிற்பாள்.

பொக்லைன் ஓட்டப் பழகியது சாலைத்துறையில் சேர்ந்த பிறகு. புருஷன் நெவாடாவுக்குத் தங்கச் சுரங்க வேலை தேடிப் போனான். போனவன் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். "சனியன் விட்டுது," என்று அவள் அம்மா சொன்னாள். 

முள் ஒருவழியாகப் பச்சைக்கோட்டைத் தொட்டது. வண்டியைக் கிளப்பினாள்.

டயர் வைத்த வண்டியல்ல, இரும்புச் செயின் வண்டி. நடந்து போகிறவன்கூட முந்திவிடுவான். நூறு வருடத்துக் கற்களைப் பாவிய தெருவில் அதை ஏற்றக்கூடாது என்று குழுவில் தீர்மானம் போட்டவளே அவள்தான். கற்கள் நொறுங்குவது இருக்கை வழியாக முதுகுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

பால்மர் கடையின் கூரை ஏற்கெனவே உள்ளே விழுந்திருந்தது. இரண்டாவது கட்டடத்தின் மேல்மாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் நெருப்பு. மூன்றாவதன் கூரையோரத்தில் மஞ்சளாகப் புகை கசிந்தது. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று மில்காவுக்குத் தெரியும். பரணுக்குள் வந்துவிட்டது. குழாயிலிருந்து தெறித்த தண்ணீர் தீயணைப்பு வீரர்களின் கோட்டிலேயே உறைந்து, அவர்கள் நகரும்போது சடசடவென்று முறிந்தது.

எனிஸ் ஓடிவந்து கேபின் படியில் ஏறினான். மீசை முழுக்கப் பனி.

"இப்ப ஆரம்பிக்காத. ஏழு குடித்தனத்துல ஆறு எறங்கியாச்சு. நிஸ்கனென் கெழவரக் காணோம்."

நிஸ்கனெனுக்கு எண்பத்தொரு வயது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. வெடிமருந்து வேலையில் காது போனவர். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

"கதவத் தட்டினீங்களா?"

"ஒடச்சே பாத்தாச்சு. ரூம்ல இல்ல. எங்கியாவது விழுந்து கெடக்காரான்னு ரெண்டு பேரு உள்ள தேடறாங்க. அடித்தளத்துலேர்ந்து பரண் வரைக்கும்."

"பரணுக்கா அனுப்பின? பரணுக்குத்தான்டா நெருப்பு வருது."

"தெரியும்."

அவன் இறங்கிப்போனான். மில்கா பொக்லைனின் கையை உயர்த்தி, பற்களை ஸ்டார் விடுதியின் கூரை விளிம்புக்கு நேராக வைத்துக் காத்திருந்தாள். நடைபாதைக்குப் பத்தடி தள்ளியே வண்டியை நிறுத்தியிருந்தாள். இந்தத் தெருவில் நடைபாதைக்கு அடியில் வெற்றிடம். அந்தக் காலத்தில் நிலக்கரி இறக்கிய அறைகள் இன்னும் கீழே இருக்கின்றன. முப்பது டன் வண்டி அதில் ஏறினால் அப்படியே உள்ளே போய்விடும்.

அப்போதுதான் அல்மா வந்தாள். எழுபத்தோரு வயது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பழம்பொருள் கடை வைத்திருந்தாள். கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்து, ஸ்டார் விடுதியின் வாசல்படியில் உட்கார்ந்தாள். வீரர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டாள்.

மில்கா கையைத் தாழ்த்தி எஞ்சினை ஓடவிட்டு இறங்கினாள்.

"அல்மா, எழுந்திரிங்க."

"அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்தவ நீ. இன்னிக்கு அந்த எந்திரத்துலயே ஏறி வந்திருக்க. வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட நேரமில்ல. மூணாவது பத்திக்கிச்சு."

"டேங்கர் வருது. அரை மணி நேரம். அதுவரைக்கும் பொறுத்தா என்ன? அவன் அவசரக்காரன், எனிஸ். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான். கேள்விய முழுசாப் படிக்காம விடைய எழுதுவான்."

"அரை மணி நேரத்துல அடுத்தாப்ல இருக்கற தியேட்டர் போயிடும். அப்புறம் நூலகம். அதுக்கப்புறம் குடியிருப்பு. நீங்களே சொல்லுங்க, எத விடலாம்?"

"எதையும் விடக்கூடாது. அதுக்குத்தானே நாம இத்தன வருஷம் பாடுபட்டோம்?"

மில்கா இன்னும் ஒரு படி கிட்டே போனாள். அல்மாவின் முகத்தைப் பார்த்தாள். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. பயமும் கோபமும் இருக்க வேண்டிய கண்ணில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. பார்வை மில்காவை விட்டு எதிர்ப்பக்கம் இருந்த தன் கடைக்கே போய்ப் போய் வந்தது.

மில்காவும் திரும்பி அந்தக் கடையைப் பார்த்தாள். நிஸ்கனென் கிழவர் காலையில் எழுந்தால் முதலில் போவது எங்கே? இருபது வருடமாக அல்மாவின் கடைப் பின்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கோப்பை காப்பிக்கு. குளிர் நாள் என்றால் மத்தியானம்வரை அங்கேயே தூங்குவார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அல்மாவுக்கு வராமல் இருக்க முடியாது.

அவள் குனிந்து, அல்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நிஸ்கனென் உங்க கடையில இருக்காரா?"

அல்மா கோட்டின் கழுத்தை இழுத்து மூடினாள்.

"உள்ள ரெண்டு பேரு அவரத் தேடிட்டிருக்காங்க. ஒருத்தன் பள்ளிக்கூட பஸ் ஓட்டறவன், தீயணைக்கத் தானா வந்தவன். அவனுக்கு ரெண்டு கொழந்த. பரணுக்கு ஏறியிருக்கான். அல்மா, இருக்காரா இல்லியா?"

மேலே ஏதோ முறியும் சத்தம். நாலாவது கட்டடத்தின் கூரையோரத்தில் அதே மஞ்சள் புகை.

"அவர் கெடைக்கலன்னா நீங்க இடிக்கமாட்டீங்கன்னு..." என்றாள் அல்மா. வாக்கியம் முடியவில்லை. "தூங்கறாரு. அடுப்புக்குப் பக்கத்துல."

மில்கா நிமிர்ந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். "எனிஸ், கெழவர் கெடச்சுட்டாரு. எதிர்க் கடையில. உன் ஆளுங்கள வெளிய எடு."

எனிஸ் வாக்கி-டாக்கியில் கத்தினான். முதலில் பதில் வரவில்லை. மறுபடி கத்தினான்.   மூன்றாவது முறை கரகரவென்று ஒரு குரல் வந்தது. இரண்டு நிமிடம் கழித்து இரண்டு பேரும் வாசல் வழியாக விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். பஸ் ஓட்டுபவரின் தலைக்கவசத்தின் பின்புறம் உருகிச் சுருங்கியிருந்தது. அல்மா அதைப் பார்த்தாள். தானாகவே எழுந்து, படியை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்து போனாள்.

கிழவரைத் தேடியதில் மொத்தம் பதினொரு நிமிடம் போயிருந்தது.

மில்கா கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பொக்லைனின் கை உயர்ந்தது. முதல் அடியைக் கூரை விளிம்பில் போட்டாள். சுவரின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து நடைபாதையில் விழுந்தது. கீழே இருந்த வெற்றிடம் கற்களை விழுங்கியது. அவள் நினைத்ததும் அதுதான். பள்ளம் செங்கல்லால் நிரம்பினால் அதன் மேலேயே வண்டியை ஏற்றலாம். இரண்டாவது இழுப்பில் மூன்றாம் மாடியின் முகப்பு முழுவதும் இறங்கியது. மூன்றாவதில் இரண்டாம் மாடி திறந்தது. அவளுடைய சமையலறை தெரிந்தது. அடுப்பின் மேல் நேற்றிரவு முட்டைக்கோஸ் சமைத்த பாத்திரம் அப்படியே இருந்தது. ஒரு கணம் கை நின்றது. பிறகு பற்களை அதன் நடுவில் இறக்கி இழுத்தாள்.

இடிபாட்டின் மேல் வண்டியை ஏற்றினாள். வண்டி முன்னும் பின்னும் ஆடியது. இடது செயின் ஒருமுறை கீழே இறங்கி வண்டி சாய்ந்தபோது, வெளியே நின்றவர்கள் பின்வாங்கி ஓடினார்கள். அவள் பொக்லைனின் கையையே தரையில் ஊன்றி வண்டியை நிமிர்த்தினாள். பரணின் உத்தரங்களைப் பிடித்துப் பிடுங்கும்போது மேற்குப் பக்க முனைகளில் தீப்பொறி பறந்தது. நெருப்பு அங்கே வந்து காத்திருந்தது. எரியும் கட்டைகளை மேற்கே தள்ளினாள், எரியாதவற்றைக் கிழக்கே விடாமல் தெருவுக்கு இழுத்தாள். கேபின் கண்ணாடியின் ஒரு பக்கம் சூட்டில் விரிசல் விட்டது, மறுபக்கத்தில் பனி பூத்திருந்தது.

டேங்கர் வந்தபோது ஸ்டார் விடுதி இருந்த இடத்தில் ஆளுயர இடிபாடும் அதன் மேல் ஒரு பொக்லைனும்தான் இருந்தன. தியேட்டரின் கூரை மூலையில் பற்றிய நெருப்பை அந்தத் தண்ணீரை வைத்து அணைத்தார்கள். மேடைக்கு மேலிருந்த கூரை போயிற்று. மேலே இருந்த நாலு கட்டடமும் மத்தியானத்துக்குள் வெறும் முன்சுவராக நின்றன. கீழே இருந்த ஆறு கட்டடமும் தப்பின. உயிர்ச்சேதம் இல்லை.

மில்கா இறங்கியபோது கைவிரல்களை விரிக்க முடியவில்லை. எனிஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.

"அழுதுட்டியா?" என்றான்.

"பொகை," என்றாள் மில்கா.

அடுத்த இரண்டு மாதம் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கியிருந்தால் தியேட்டர் கூரை தப்பியிருக்கும் என்றது ஒரு கட்சி. டேங்கர் வரும்வரை பொறுத்திருக்கலாம், பெண்பிள்ளை கை துறுதுறுத்துவிட்டது என்றது இன்னொன்று. இறைச்சிக்கடையில் ஒருவன் அவள் காதுபடவே, "சொந்த வீட்டையே இடிச்சவ, நம்ம வீட்டு முன்னாடி வண்டிய நிறுத்தினா பயமாத்தான் இருக்கு," என்றான். சிரித்தார்கள். அவள் வாங்க வந்த தொத்திறைச்சியை வாங்கிக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் நீதிமன்றக் கட்டடத்தில் தீயையும் இடிப்பையும் பற்றி விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் மில்கா அல்மாவின் கடைக்குப் போனாள். உட்காரவில்லை.

"நாளைக்கு அந்தப் பதினொரு நிமிஷத்தப் பத்திக் கேப்பாங்க. நானா எதுவும் சொல்லப்போறதில்ல. ஆனா கேட்டா பொய் சொல்லமாட்டேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அல்மா ஒரு பீங்கான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்ன மெரட்டறியா?"

"இல்ல. நீங்க மொதல்ல பேசறதுக்கு ஒரு ராத்திரி குடுக்கறேன்."

மறுநாள் மில்காவை அழைக்கும் முன்பே அல்மா எழுந்தாள். முன்வரிசையில் பஸ் ஓட்டுபவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே பேசினாள். வகுப்பில் பாடம் சொல்கிற குரல் இல்லை அது.

"நிஸ்கனென் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. கட்டடத்துக்காகத்தான் பண்ணேன். இவர் மேல ஏறினது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மனசு வருது. ஆனா தெரியும். பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

 நிஸ்கனென் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொல்றா? என் பேரு அடிபடுதே," என்று உரக்கக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

குழுவின் தலைமைப் பதவியிலிருந்து விலகுவதாக அல்மா அன்றே எழுதிக் கொடுத்தாள். சட்டப்படி அவள்மேல் வழக்குத் தொடர வேண்டாம் என்று பஸ் ஓட்டுபவர் சொன்னார். ஆனால் அவர் மனைவி அதற்குப் பிறகு அல்மாவின் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. தலைவியாகும்படி மில்காவைக் கேட்டார்கள். "எனக்குப் பேச வராது," என்று மறுத்துவிட்டாள்.

மில்கா இப்போது தியேட்டரின் முன்பக்கத்துக்கு மேலுள்ள, நெருப்பு எட்டாத இரண்டு அறையில் குடியிருக்கிறாள். அல்மா குழுவில் வெறும் உறுப்பினராக நீடிக்கிறாள். கூட்டத்தில் இருவரும் இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார்கள். காலி மனையில் பழைய முகப்பைப் போலவே ஒன்று கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது, அல்மா எதிர்த்தாள். "இருந்தது போச்சு. பொம்ம வீடு வேண்டாம்," என்றாள். மில்காவும் அதற்கே கை தூக்கினாள். இருவர் ஓட்டும் ஒரே பக்கம் விழுந்தது அந்தத் தடவை மட்டும்தான்.

மனை காலியாகவே கிடக்கிறது. மில்கா தன் காரை அங்கே நிறுத்துவாள். அது கூடாது என்று அல்மா குழுவுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள். மூன்றாவது கடிதத்தைப் படித்த அன்று மில்கா நேராகக் கடைக்குப் போய்க் கேட்டாள். "எங்க நிறுத்தச் சொல்றீங்க?"

"பின்சந்துல நிறுத்து. அங்க எடம் இருக்கு," என்றாள் அல்மா. "காப்பி இருக்கு. வேணுமா?"

"வண்டிய எடுத்துட்டு வர்றேன்," என்று மில்கா வெளியே போனாள். அன்று திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் வந்தாள். நிஸ்கனென் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் நின்றுகொண்டே குடித்தாள்.